எச்சில் கரண்ட்

எங்கள் வீட்டில் ஓட்டையில்லாத துணி கிடையாது. பேட்டரி ஆசிட் துணியில் படும்போது ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போட்டு எடுக்கும்போதுதான் கொசுவலை மாதிரி பொத்தல் விழுந்திருக்கும். கல்யாணமான புதிதில் என் அம்மா தியாகதுருகத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் புடவைகளைப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கு வருமானம் பத்தவில்லை என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டு, ஊருக்குத் திரும்பிய கையோடு ஒரு மூட்டை அரிசி அனுப்பிவைத்தாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. நல்ல அரிசி அது.

என் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற சாலையில், பேட்டரி சார்ஜ் போடுகிற கடை வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரு ஷட்டர், சுவரை ஒட்டி நீளமாக ஒரு பலகை, பலகையின் கோடியில் முள்ளும் திருகும் வைத்த சார்ஜர் பெட்டி. வருகிற பேட்டரிகளைப் பலகையில் வரிசையாக வைத்து, ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸ்ஸோடு சின்னச் சின்ன ஒயரால் கோத்துக்கொண்டே போவார். இரண்டு கோடிகளும் சார்ஜருக்குப் போகும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைத் தொடர் இணைப்பு என்று போட்டிருப்பார்கள். கடையில் சீரிஸ். செல் மூடிகளைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதும், கண்ணாடிக் குழாயை விட்டு, அதற்குள் மிதக்கிற குண்டு எவ்வளவு ஏறுகிறது என்று கிராவிட்டி பார்ப்பதும், பேட்டரியின் தலையில் சாக்பீஸால் ஆள் யார் என்று எழுதுவதும் என் வேலை. பெயரெல்லாம் எழுதுவதில்லை. ரைஸ்மில் லாரி, போர்வெல் வண்டி, சோடாக் கம்பெனி, இப்படித்தான்.

மலை டிவி என்றும் ஒரு பேட்டரி உண்டு. கல்வராயன் மலையில், வெள்ளிமலையையும் தாண்டி ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒருவர் அதை பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு வருவார். மின்கம்பம் ஏறாத ஊரில் டிவி வாங்கி வைத்துக்கொண்ட தைரியசாலி அவர். ஞாயிற்றுக்கிழமைப் படம் முடியும் தறுவாயில் பேட்டரி தீர்ந்துபோகும். “கடசீல இன்னா ஆச்சிங்க?” என்று எங்களிடம் வந்து கேட்பார். படத்தை நான் பார்த்திருந்தால் சொல்லுவேன். பார்க்காவிட்டால் நானே ஒரு முடிவு கட்டி அனுப்பிவிடுவேன். ஊரே காத்திருக்கும்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது?

ஊருக்கு ஊர் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. திடீரென்று ஒரு நாள் சாலையில் புளியமரம் குறுக்கே கிடக்கும். பஸ் வராது, பால் வராது, பேப்பர் வராது. எங்கள் பகுதியில் போராட்டத்தை நடத்தியவர் ஒரு டிராக்டரும் ஒரு ஜீப்பும் வைத்திருந்த விவசாயி. கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். எல்லோருக்கும் அவர் தலைவர். எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை என்பதால் எனக்கு அவருடைய பேட்டரியும் தெரியும், பேச்சும் தெரியும்.

பேச்சில் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். “எல்லாச் சாதியையும் ஒரே வரிசைல நிக்க வச்சிட்டாங்கம்மா. முன்னாடி நிக்கறவன் குடிச்சிக்கினே போறான். கடசீல நிக்கற எங்க ஆளுங்ககிட்ட வரும்போது பானைல ஈரந்தான் கீது. எங்களுக்குத் தனியா ஒரு பானை வையின்னுதான் கேக்கறோம்” என்பார். அவருக்குக் காணி இருந்தது. அவர் பின்னால் சாலையில் வந்து உட்கார்ந்த முக்கால்வாசிப் பேர் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள். அவர்கள் பிள்ளைகள் எந்த ஆபீஸ் நாற்காலியிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். எங்கள் சாதிக்காக யாரும் மறியல் செய்யவில்லை. ஊரில் எங்களுக்கு இருந்ததே நாலைந்து வீடு. எல்லோரும் குறுக்கே படுத்தாலும் பாதி ரோடுகூட அடைபடாது. அதனால் நாங்கள் எல்லாக் கட்சிக்காரர்களின் பேட்டரிகளுக்கும் பாரபட்சமில்லாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

பெரிய மறியல் ஒன்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முதல் நாளே வண்டிகள் நின்றுவிட்டன. ஓடாத வண்டிக்குப் பேட்டரி எதற்கு? பலகை காலியாகக் கிடந்தது. தலைவருடைய ஜீப் பேட்டரி மட்டும் முந்தின நாளிலிருந்து சார்ஜில் இருந்தது. மறுநாள் விடியற்காலையில் இருந்து ஜீப்பில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் செய்ய வேண்டும், உச்சிவேளைக்குக் கூட்டு ரோட்டில் தலைவர் பேச வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேட்டரிதான். கிட்டத்தட்ட நிறைந்து, செல்லுக்குள் குமிழி விட ஆரம்பித்திருந்தது.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். பையன் என்றால் இருபதைத் தாண்டியவன். வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு காலனி. மெயின் ரோட்டில் மரம் கிடந்ததால் வரப்பு வழியாகவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான். கேரியரில் ஒரு பழைய லாரி பேட்டரியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“நாளன்னிக்குக் காத்தால தங்கச்சி கல்யாணங்க்கா. எப்பிடியாச்சும் ஏத்திக் குடுத்துடுங்க” என்றான்.

அவனுடைய கதையை நான் கேட்கவில்லை, அவனே சொன்னான். அவர்கள் ஊரில் மைக்செட் வைத்திருப்பவர் ஊர்த்தெரு ஆள். காலனிக் கல்யாணம் என்றால் அவருக்குத் தேதி ஒத்துவராது. எந்தத் தேதி சொன்னாலும் அந்தத் தேதியில் மட்டும் அவருக்கு வேறு கல்யாணம் இருக்கும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் வந்த காசில் இவனே பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றும், ஸ்பீக்கர் குழாய் இரண்டும், ரெக்கார்டு பிளேயர் ஒன்றும் வாங்கிவிட்டான். காலனியில் தெருவிளக்குக்கு மட்டும்தான் கரண்ட், அதுவும் அதற்குத் தோன்றினால். எனவே பேட்டரி. தங்கை நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. தாலி கட்டும்போது குழாயில் பாட்டுப் பாட வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். “கொழாய மலையப் பாத்துத் திருப்பிக் கட்டுவேன்க்கா. மலைல பட்டுத் திரும்பி வரும். ரெண்டு செட்டு பாடற மாதிரி இருக்கும்” என்றான். தங்கையைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

கிராவிட்டி பார்த்தேன். குண்டு அடியிலேயே படுத்துக்கிடந்தது, சுத்தமாகக் காலி. என் வீட்டுக்காரர் அதைத் தூக்கித் தலைவர் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சீரிஸில் கோத்து, சார்ஜரைப் போட்டார். நான் சாக்பீஸை எடுத்து ஒன்றில் ஜீப் என்றும் மற்றதில் கல்யாணம் என்றும் எழுதினேன். பையன் வாசலில் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பரவாயில்லை என்றான்.

எதிர்க் கடைக்கு டீ குடிக்க வந்த தலைவர், ஆட்களோடு எங்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார். தன் பேட்டரியைப் பார்த்தார், பக்கத்துப் பேட்டரியைப் பார்த்தார், வாசலில் நின்றவனையும் பார்த்தார். கணக்குப் போட அதிக நேரமாகவில்லை.

“இன்னாப்பா இது? அவன்தும் என்தும் ஒரே ஒயர்ல கோத்து வச்சிக்கினு கீற?”

“எப்பவும் அப்பிடித்தானே தலைவரே போடறது” என்றார் என் வீட்டுக்காரர். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிற மனுஷர்.

“அவன் பேட்டரில பூந்து வந்த கரண்ட்டா என் பேட்டரிக்கு வருது?”

என் வீட்டுக்காரர் யோசித்தார். கேள்வி சரியானதுதானா என்று யோசிப்பார், கேட்டவருடைய மனசை யோசிக்க மாட்டார். “ஆமா” என்றார்.

“எச்சி கரண்ட்டா?”

இந்த வார்த்தையை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கூட வந்தவர்களில் யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் இருவர்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“அப்பிடின்னா உங்கள்த முன்னாடி மாத்தி வச்சிடறேன்” என்றார் இவர்.

“வையி. எங்கள்து குடிச்ச மிச்சம் அவனுக்குப் போவட்டும்.”

இவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “ஆனா இது வட்டமா சுத்துற சமாச்சாரம் தலைவரே. கடசீ பேட்டரில இருந்து பெட்டிக்குத் திரும்பிப் போயி, மறுபடியும் மொதல்ல இருந்து வரும். இதுல முன்னாடி பின்னாடி கிடையாது. எல்லாத்துலயும் ஒரே அளவுதான் ஓடும்.”

தலைவருடைய முகம் மாறிவிட்டது. வரிசையில் முன்னால் நிற்கிறவன் குடித்துவிடுகிறான் என்று மேடை மேடையாகச் சொல்லிவந்தவர் அவர். அரசாங்க வேலையில் அது அப்படித்தான், சத்தியமான பேச்சு. பேட்டரியில் மட்டும் அது அப்படியில்லை என்றால் அவர் எப்படி நம்புவார்? அதைவிட, எச்சில் சுற்றிச் சுற்றித் தன்னிடமே திரும்பி வருகிறது என்பது அவருக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

“அப்ப அவன்த எட்த்துடு.”

வாசலில் நின்றவன் சைக்கிளிலிருந்து நிமிர்ந்தான். என்னைத்தான் பார்த்தான்.

நான் உள்ளே புகுந்தேன். “தலைவரே, தங்கச்சி கல்யாணமாம். வரப்புல தள்ளிக்கினு வந்துருக்கான். எட்த்துட்டா ஏறாது” என்றேன். எனக்குக் கொஞ்சம் குரல் பெரிது. எதிரே டீக்கடையில் தலைகள் திரும்பின. தலைவர் கெட்டவர் இல்லை. கல்யாணம் என்றதும் இறங்கினார்.

“கல்யாணம்னா ஏத்திக் குடு, நானா வேணான்றேன்? என்தோட சேத்துக் கோக்காதன்றேன். வூட்டுல ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியா ஒயரு இழுக்கறீங்க இல்ல? அதுமாரி அதுக்கு ஒரு ஒயரு, இதுக்கு ஒரு ஒயரு போடு. நாங்க ஊரு பூரா கேக்கறதும் அதத்தானே?”

அதற்குப் பெயர் பேரலல். எல்லா பிளஸ்ஸும் ஒரு பக்கம், எல்லா மைனஸ்ஸும் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் சார்ஜரிலிருந்து சொந்தமாக ஒரு ஜோடி ஒயர். பார்ப்பதற்கு மரியாதையாக இருக்கும், யாரும் யாரையும் தொடுவதில்லை. என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். “போடலாம். ஆனா நெறஞ்சதும் காலியும் பக்கத்துல பக்கத்துல அப்பிடிப் போடக் கூடாது. கரண்ட்டு இருக்கற வரைக்கும் ஒண்ணும் இல்ல. நின்னுச்சின்னா உடனே கழட்டியாவணும்” என்றார். “கழட்டு. அதுக்குத்தானே நீ கீற” என்றார் தலைவர். இரண்டு பேட்டரிகளுக்கும் தனித்தனி ஒயர் போனதைக் கிட்டத்தில் நின்று பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, டீயைக் குடித்துப் போனார்.

அவர் போன கொஞ்ச நேரத்திலேயே அவருடைய ஆட்கள் வந்து கடையடைப்பு என்றார்கள். மறுநாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள், உற்சாகத்தில் முந்தின நாளே ஆரம்பித்துவிட்டார்கள். சார்ஜர் ஓடுகிறது, தலைவருடைய பேட்டரிதான் ஏறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னோம். “உள்ள ஓடட்டும், வெளிய மூடு” என்றார்கள். ஷட்டரை இறக்கினோம். பையன் கள்ளக்குறிச்சியிலேயே தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டான்.

நாங்கள் பின்தெருவில் இருக்கும் வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டு உட்கார்ந்ததும் விசிறி நின்றது. பிறகு தெரிந்தது, கடைக்குக் கொஞ்சம் தள்ளி சாலையில் நின்ற பெரிய புளியமரத்தை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். சாலையில்தான் விழ வேண்டும் என்பது அவர்கள் திட்டம். மரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆளுக்கு ஆபத்தில்லை. ஊருக்கு விளக்கில்லை.

என் வீட்டுக்காரர் கை கழுவாமலே எழுந்து ஓடினார். ஒயரைக் கழற்ற வேண்டுமே. தெருமுனையிலேயே தலைவருடைய தொண்டர்கள் மறித்தார்கள். கடைக்குள் தலைவருடைய பேட்டரி வீணாகப் போகிறது, இரண்டு நிமிஷம் ஷட்டரைத் தூக்கினால் போதும் என்று கெஞ்சினார். “ஒரு கடையத் தொறந்தா எல்லாக் கடையயும் தொறக்கணும். ஷட்டரத் தொட்டா கல்லு” என்றார்கள். தலைவர் சொன்னால்தான் விடுவார்களாம். தலைவர் எங்கே என்றால் மரம் வெட்டுகிற இடத்தில். அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் போக விடுவார்களா என்றால் அதற்கும் தலைவர் சொல்ல வேண்டும். இவர் திரும்பி வந்து, ஆறிப்போன சோற்றின் முன்னால் உட்கார்ந்தார்.

“இப்ப இன்னா ஆவும்?” என்றேன்.

“ஒரு செம்புத் தண்ணியையும் காலி அண்டாவையும் கொழா போட்டுச் சேத்து வச்சா இன்னா ஆவும்? அதான் ஆவும்” என்றார்.

தலைவருடையது ஜீப் பேட்டரி, சின்னது, நிறைந்தது. கல்யாணப் பேட்டரி லாரியினுடையது, பெரியது, காலி. அவர் ஆசைப்பட்டுப் போடச் சொன்ன தனி ஒயர் வழியாக, அவருடைய கரண்ட் விடிய விடியக் காலனிக்குப் போய்க்கொண்டிருந்தது. மரத்தை வெட்டியது அவர் ஆட்கள், ஷட்டரை மூடியது அவர் ஆட்கள், கழற்றப் போனவரை மறித்ததும் அவர் ஆட்கள். சீரிஸிலேயே விட்டிருந்தால் கரண்ட் நின்றதும் இரண்டும் சும்மா இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் ஜீப்போடு வந்தவன் தலைவருடைய அக்கா மகன். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துக்கொண்டிருந்தவன். அவன் சொன்னதால் ஷட்டரைத் திறக்க விட்டார்கள். என் வீட்டுக்காரர் கிராவிட்டியைக் காட்டி, இது பாதிகூட இல்லை, கூட்டம் வரைக்கும் தாங்காது என்று அவனிடம் தெளிவாகவே சொன்னார். ஏன் என்றும் சொன்னார். அவன் பலகையில் கிடந்த ஒயர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “வேற பேட்டரி எங்க கெடைக்கும் இன்னிக்கி? ஓடறவரைக்கும் ஓடட்டும்” என்று தூக்கிக்கொண்டு போய்விட்டான். பையனும் வந்து தன்னுடையதைச் சைக்கிளில் கட்டினான். முழுசாக ஏறவில்லை, ஆனால் ஒரு முகூர்த்தத்துக்குத் தாங்கும் என்று சொல்லி அனுப்பினோம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கூட்டு ரோட்டில் நல்ல கூட்டம். நானும் போயிருந்தேன், கடை இல்லை, கரண்ட் இல்லை, வேறு எங்கே போவது? தலைவர் நன்றாகத்தான் பேசினார். வரிசையில் முன்னால் நிற்கிறவன் குடித்துவிட்டுப் போகிறான் என்கிற இடத்துக்கு வந்து, கையை ஓங்கி, “நம்ம பங்கு எங்க போச்சி?” என்று கேட்டார். குழாய் கரகரவென்று இருமி ஓய்ந்தது. மைக்கைத் தட்டினார். ஊதினார். கூட்டம் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் மைக்செட் பக்கம் நின்ற அக்கா மகன், பாடம் ஒப்பிக்கிற குரலில், “நம்முள்து காலனி பேட்டரிக்குப் போயிடுச்சி மாமா. பேரலல்ல போட்டா அப்பிடித்தான் போவும்” என்றான்.

அவன் கெடுதலாகச் சொல்லவில்லை. அவனுக்கு இயற்பியல் சரியாக வந்தது, அவ்வளவுதான். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பின்வரிசைக்குச் சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள். தலைவரும் சிரிக்காமல் சிரிக்கிற மாதிரி ஒன்று செய்தார். மிச்சத்தைத் தொண்டையாலேயே பேசி முடித்தார். கடைகளைத் திறந்துகொள்ளலாம் என்பதையும் மைக் இல்லாமல் வாய்வழியாகவே சொல்லி அனுப்பினார்கள்.

வெயில் சாய ஆரம்பித்தபோது பையன் திரும்பி வந்தான். அதே சைக்கிள், அதே கயிறு, அதே பேட்டரி. நான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன்.

“பாடலியா?”

“பாடுச்சிக்கா. வேப்பமரத்துல கொழாயக் கட்டிப் பாதிப் பாட்டு போட்டுப் பாத்தேன். நல்லா பாடுச்சி. நலங்கு வச்சிக்கினு இருந்தவ எழுந்து வந்து மரத்துக்குக் கீழ நின்னுட்டா” என்றான். சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான். “அப்பதான் ஊர்த்தெருவுல இருந்து கூட்டத்துக்குப் போனவங்க திரும்பி வந்தாங்க. தலைவர் கரண்ட்ட நாங்க திருடிட்டமாம். மைக்கு நடுவுல நின்னுடுச்சாமே. எங்க பெரியவங்க ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்க. திருப்பிக் குடுத்துட்டு வாடான்னு அனுப்பனாங்க.”

“எத?”

“கரண்ட்டத்தான்.”

என் வீட்டுக்காரர் முதல்முறையாகக் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். “நீ எடுக்கல, அவரும் குடுக்கல. அதுவாப் போச்சி. கரண்ட்டுக்குத் தெரியுமாடா அது யாரு வூட்டுதுன்னு? போய்ப் பாட்டப் போடு.”

“கூரைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீதுங்கண்ணா” என்றான். “ஒண்ணு புடிச்சா போதும்.”

நான் நேற்றிலிருந்து சிரித்துக்கொண்டிருந்த சிரிப்பு அங்கே நின்றது. அந்த வாரம் வடக்கே சில ஊர்களில் காலனி வீடுகள் எரிந்ததாகப் பேச்சு வந்துகொண்டிருந்தது. நாங்களும் கேட்டிருந்தோம். கேட்டுவிட்டு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

திருப்பிக் கொடுப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தோம். தலைவருடைய பேட்டரி ஜீப்பில் இருக்கிறது, ஜீப் எங்கோ நிற்கிறது. கிடைத்தாலும், காலனிப் பேட்டரிக்குள் ஒரு பகல் இருந்துவிட்டு வந்த கரண்டை அவர் வாங்கிக்கொள்வாரா? யாருக்கும் ஆகாத கரண்டாகிவிட்டது அது. “அப்ப எறக்கி உட்டுடுங்க. எல்லாரும் பாக்கற மாதிரி” என்றான் பையன்.

வாழ்நாளெல்லாம் பேட்டரி ஏற்றியே பிழைத்தவர் என் வீட்டுக்காரர். இறக்கத் தெரியாமல் இல்லை, மனசு வரவில்லை. மூலையில் கிடந்த பழைய ஹெட்லைட் பல்புகளை எடுத்துத் துடைத்தார். சீக்கிரம் தீர வேண்டுமென்றால் பல்புகளையும் பேரலலில்தான் போட வேண்டும், சீரிஸில் போட்டால் மங்கலாக எரிந்து விடியும்வரை இழுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் போட்டார். கடை வாசலில், சாலையைப் பார்க்க பேட்டரியை வைத்து மாட்டினோம். சாயங்கால வெயிலில் ஹெட்லைட்டுகள் கண் கூசுகிற மாதிரி எரிந்தன. பையன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டான். எதிரே டீக்கடையில் இருந்த தலைவருடைய ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் எழுந்து வந்து பல்புக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சூடு பார்த்து, “இன்னும் எவ்ளோ கீது?” என்று விசாரித்துவிட்டுப் போனான். என்னவோ அவன் வீட்டுச் சொத்தை மேற்பார்வை பார்க்க வந்தவன் போல. அவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். பையன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

பல்புகள் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சிவந்துகொண்டு வந்தபோது தலைவர் நடந்து வந்தார். ஜீப் கிளம்பவில்லையாம். நல்ல சந்தோஷத்தில் இருந்தார். மேலே பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடப்போகிறார்கள் என்று தகவல் வந்திருந்தது.

“இன்னாப்பா, பொழுதோட வெளக்கு?”

பையன் எழுந்து நின்றான். “உங்க கரண்ட்டு தெரியாம வந்துடுச்சிங்கய்யா. எறக்கிட்டு இருக்கோம்ங்க.”

தலைவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். நிஜமான சிரிப்பு. “அடப் பைத்தியக்காரா, நான் உன்ன ஒரு வார்த்த கேட்டனா? எவண்டா சொன்னான் உனுக்கு? கல்யாண வூட்டுல பாட்டு இல்லாம எப்பிடி? போடு, நல்லா போடு. எவனாச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.” டீக்கடைப் பக்கம் திரும்பி, “டேய், புள்ள வூட்டுல நாளைக்குக் கல்யாணம். யாரும் தொந்தரவு பண்ணாதீங்க” என்று உரக்கச் சொன்னார். அவர்களும் சரி என்றார்கள். பையனுடைய தோளுக்குக் கொஞ்சம் மேலே, தொடாமல், தட்டிக்கொடுப்பது போலக் கையை அசைத்துவிட்டுப் போனார்.

பெருந்தன்மைதான். அதற்காகவே அவர்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. எச்சில் என்று சொன்னபோதுகூட அவ்வளவு வரவில்லை.

பையன், “சரிங்கய்யா” என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னான். பிறகு குனிந்து பார்த்தான். பல்புக்குள் சிவப்பு நூல் மாதிரி ஒரு இழை மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அவசரமாக ஒயர்களைப் பிடுங்கினார். நான் கிராவிட்டி பார்த்தேன். குண்டு அடியில் படுத்துவிட்டது.

“இப்ப போட்டா காலைக்குள்ள ஏறிடுமாக்கா?” என்றான் பையன். முகத்தில் மறுபடியும் அந்த ஆசை வந்திருந்தது.

நான் சார்ஜரைத் திரும்பிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. சாலையில் புளியமரம் இன்னும் கிடந்தது, அதற்கடியில் கம்பி கிடந்தது. கம்பி சேர்க்க வேண்டியவர்கள் வருகிற வழியிலெல்லாம் வேறு மரங்கள் கிடந்தன. கரண்ட் வரட்டும், வந்ததும் போடுகிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவன் அன்றைக்கு விடியும்வரை எங்கள் கடை வாசலிலேயே பேட்டரியோடு உட்கார்ந்திருந்தான். பிறகு முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் மத்தியானம் சார்ஜரில் முள் ஏறியபோது, அவன் தங்கை மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள்.